கம்பிக்குப் பெயர் இல்லை

பழைய குழல் ஆர்கன் ஒன்றின் முன் போய் நின்றால், கண்ணில் முதலில் படுவது செதுக்கு வேலைப்பாடு மிகுந்த அதன் முகப்பு. அதைச் செய்தவர் பெயரும் பெரும்பாலும் எங்கேனும் பொறித்திருக்கும். ஈயமும் வெள்ளீயமும் கலந்து செய்த குழல்கள் தலைமுறை பல கடந்தும் நிற்கும். விரலுக்கும் குழலுக்கும் நடுவே ஓடிய கம்பிக்கும் மின்காந்தத்துக்கும் அந்தப் பேறு இல்லை. அடுத்த பெரும் பழுதுபார்ப்பில் அவை கழற்றி எறியப்படும். அவற்றோடு அவற்றை எண்ணிக் கண்டவரும் மறைவார். ஆகவே மின் ஆர்கனின் முன்னோடிகளைத் தேடுவோர் கருவியை நம்பிப் பயனில்லை. காப்புரிமைத் தாள்களையே புரட்ட வேண்டும். அந்தத் தாள்களிலும் ஓர் இடர் உண்டு: பணம் கட்டியவர் பெயரே அவற்றில் மேலே நிற்கும்.

மின்சாரம் ஏன் தேவைப்பட்டது? ஆர்கனில் ஒரு கட்டையை அழுத்தினால், நெடிய மரச்சட்டங்களின் இழுப்பால் காற்றுப்பெட்டிக்குள் ஓர் அடைப்பான் திறக்க வேண்டும். அந்த அடைப்பானை இறுக்கி மூடிப் பிடித்திருப்பது பெட்டிக்குள் அடைபட்ட காற்றே. கருவி பெருக்கப் பெருக்க இழுக்க வேண்டிய சுமையும் பெருகும். இரண்டு மூன்று கட்டை வரிசைகளை ஒன்றாகப் பிணைத்து வாசித்தால், அது இசைப்பதாக இராது. ஏற்றம் இறைப்பதாக இருக்கும்.

இங்கிலாந்தின் பாத் நகரில் 1804இல் பிறந்த சார்லசு இசுபேக்மன் பார்க்கர் இதற்கு ஒரு வழி கண்டார். கட்டை ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு துருத்தி. விரல் அத்துருத்திக்குள் காற்றை விட்டால் போதும், பளுவைத் துருத்தியே இழுத்துக்கொள்ளும். பகையாய் நின்ற காற்றையே பணியாளாக்கிய வேலை இது. தாய்நாடு அதைப் பொருட்படுத்தவில்லை. அவர் 1837இல் பிரான்சுக்குப் போனார். 1841இல் ஆர்கன் கட்டுநர் கவாயே-கோல் முடித்த சேன் தெனி கோயில் ஆர்கனில் அந்தத் துருத்திகள் இடம்பெற்றன. மூன்றே ஆண்டுகளில் ஒரு பேரிடர். பாரிசின் தூய யூசுதாசு கோயிலில், பார்க்கர், கட்டி முடித்துச் சில மாதங்களே ஆன ஆர்கனுக்குள் மெழுகுதிரியோடு புகுந்து பழுது பார்த்துக்கொண்டிருந்தார். திரி சரிந்தது, ஆர்கன் முழுதும் எரிந்துபோயிற்று. பின்னாளில் மின்சாரத்தின் பக்கம் அவர் சாய்ந்தபோது அந்தத் தீ நினைவில் வந்திராமல் இருந்திருக்குமா?

மின்சார எண்ணம் பார்க்கருக்கு முன்பே வேறொருவருக்கு இருந்தது. வழக்கறிஞர் தொழிலை உதறிவிட்டு இசைக்கு வந்த என்றி சான் காண்ட்லெட்டு 1852இல் இங்கிலாந்தில் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் அமைத்த கிறித்துமசுப் பாட்டு மெட்டு ஒன்றை உலகம் இன்றும் பாடுகிறது. காப்புரிமையை நினைப்பார் இல்லை.

திருப்பத்தைத் தந்தவர் ஆல்பெர் பெசார். நார்மாந்தியின் கான் நகரத்தவர், சட்டத்தில் முனைவர், 1857 முதல் 1875 வரை அந்நகரின் தூய எத்தியேன் கோயிலில் ஆர்கன் வாசித்தவர். 1860இல் ஆய்வைத் தொடங்கி மறு ஆண்டே தாம் கண்டதைப் பார்க்கரிடம் சொன்னார். அவர் கண்டதன் அருமை அதன் அடக்கத்தில் இருக்கிறது. மின்காந்தத்தைக் கொண்டு பெரிய அடைப்பானையே இழுக்க முயன்றால் காந்தம் தோற்கும். இல்லையேல் மின்கலம் வற்றும். பெசார் காந்தத்திடம் கேட்டது மிகச் சிறிய உதவி. கட்டை அழுந்தும்போது இரு உலோக முனைகள் தொட்டுக்கொள்ளும். கம்பியில் மின்னோட்டம் பாயும். தொலைவில் உள்ள சின்னஞ்சிறு காந்தம் ஓர் இரும்புத் துண்டை மயிரிழை அளவு அசைத்து ஒரு நுண்துளையைத் திறக்கும். அதன் பின் எல்லாம் துருத்தியின் வேலை. தந்திக்காரர்கள் மெலிந்த மின்குறிப்பைக் கொண்டு வலிய மின்சுற்றை இயக்கிய அதே சூழ்ச்சி. இங்கே இரண்டாம் சுற்றில் மின்சாரத்துக்கு மாற்றாகக் காற்று.

1866இல் மார்செய் நகருக்கு அண்மையிலுள்ள சாலோன் ஊர்க் கோயிலில் இத்தகைய ஆர்கனைப் பார்க்கர் நிறுவினார். 1868இல் பாரிசின் தூய அகுசுதீன் கோயிலில் இன்னொன்று. கோயிலே புதுமையானது, விக்தோர் பல்தார் இரும்புச் சட்டகத்தின் மேல் எழுப்பியது. இங்கிலாந்தில் அந்த ஆண்டே காப்புரிமை பதிவாயிற்று. அது பார்க்கர் பெயரில். பெசாருக்குப் பதக்கங்கள் கிடைத்தன, பணம் கிடைக்கவில்லை. பிரான்சும் பிரசியாவும் மோதிய 1870 போர் பார்க்கரைப் பாரிசிலிருந்து துரத்தியது. அயர்லாந்தில் சில காலம் உழன்று, 1879இல் இங்கிலாந்தின் மெய்ட்சுடன் நகரில் வறுமையில் இறந்தார். பெசார் 1903 வரை வாழ்ந்தார்.

கருவியின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். தெருவில் மின்கம்பி வராத காலம் அது. அமிலம் நிரப்பிய கலங்களே மின்சாரத்தின் ஊற்று. அமிலம் வலுவிழந்தால் கோயில் ஊமையாகும். கட்டையிலிருந்து விரலை எடுக்கும் ஒவ்வொரு முறையும், காந்தச் சுருளில் தேங்கிய ஆற்றல் தொடுமுனையில் பொறியாய்த் தெறிக்கும். முனை கரிந்து கறுக்கும். ஒரு நாள் அந்தச் சுரம் மட்டும் வாய் திறக்காது.

இக்குறைகளோடு மல்லுக்கட்டிப் பெயர் பெற்றவர் இராபர்ட்டு ஓப்-சோன்சு. தொலைபேசி நிறுவனத்தில் மின்பொறிஞராக இருந்தவர். இங்கிலாந்தின் பர்க்கன்எட்டில் வாசிப்பு மேசையைக் கோயிலுக்கு வெளியே தோட்டத்தில் வைத்து, வடம் ஒன்றின் வழியே உள்ளிருந்த ஆர்கனை முழங்கச் செய்தார். பின்பு அமெரிக்கா போய், 1910இல் ஊர்லிட்சர் நிறுவனத்தில் சேர்ந்தார். திரையரங்க ஆர்கன்கள் வழியே அவர் புகழ் பரவியது. சார்ச்சு இலைங் மில்லர் 1909இல் எழுதிய ஆர்கன் வரலாறு பெசாரை மறக்கவில்லை. ஆயினும் முடிசூட்டுவது ஓப்-சோன்சுக்கே. பலரும் வரலாற்றை அந்த முடியிலிருந்தே தொடங்குவதைக் குறையென்றே சொல்வேன்.

தூய அகுசுதீன் ஆர்கனின் கதையோ விந்தையானது. ஒழென் சிகூ அங்கே 1863 முதல் 1925இல் இறக்கும் வரை ஆர்கன் வாசித்தார். மின் இணைப்பின் பிறப்பையும் அகற்றத்தையும் ஒரே விரல்கள் உணர்ந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் மின் இணைப்பு அங்கிருந்து நீக்கப்பட்டது. அதன் இடத்தில் பொருத்தியது பார்க்கரின் பழைய காற்றுத் துருத்தியைத்தான். பிரெஞ்சு ஆர்கன் கலைஞர்கள் அதை இன்றும் பார்க்கர் பொறி என்றே அழைக்கிறார்கள்.