சோளத்தட்டை ஆலைக்குப் போகுமானால்

திருமங்கலம், உசிலம்பட்டி, பேரையூர் வட்டங்களின் மானாவாரிக் காடுகளில் நம் குடியானவர்கள் சோளம் விதைப்பது தானியத்திற்காக மட்டுமன்று. மாடுகளுக்குத் தட்டை வேண்டும் என்பதற்காகவுந்தான். தட்டையைப் பிழிந்து, சாற்றைப் புளிக்கவைத்துச் சாராயம் வடித்துப் பெட்ரோலில் கலக்கலாம் என்பது இப்பொழுது பேசப்படும் செய்தி. 2018-ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, இதற்குரிய மூலப்பொருள்களுள் இனிப்புச் சோளத்தையும் சேர்த்துள்ளது. இதில் இறங்க எண்ணும் அங்கத்தினர்கள், தட்டையின் விலையை விசாரிக்குமுன் உரக் கணக்கை ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம் என்று கருதுகிறோம்.

மானாவாரிச் சோளத்திற்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கூறும் அளவு, ஹெக்டேருக்குத் தழைச்சத்து 40 கிலோ, மணிச்சத்து 20 கிலோ. ஏக்கருக்கு யூரியா ஏறக்குறைய 35 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 50 கிலோ ஆகும். தட்டை உயர்ந்தால் காசும் உயரும் என்று யூரியாவை அள்ளி இறைத்தால், பயிர் கருகருவென்று வளர்ந்து காற்றில் சாய்ந்துவிடும். மேலும், யூரியா செய்யவே இயற்கை எரிவாயு செலவாகிறது. எரிபொருளைக் கொட்டி எரிபொருள் விளைவிப்பதில் என்ன லாபம்?

மழையின் போக்கும் முன்போல் இல்லை. 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. 2023 டிசம்பரிலோ தெற்கே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டர் கொட்டியது. பெருமழையில் உரம் கரைந்தோடும். நீர் தேங்கிய கரிசலில் அதன் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடு வாயுவாகிப் போகும். வெப்பத்தைத் தேக்குவதில் இது கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 270 மடங்கு வலியது. ஆகையால் விதைப்பின்போது யூரியாவில் பாதியை மண்ணுக்குள் இட்டு, மீதியை நல்ல ஈரம் கண்டபின் இடுவதே விவேகம். மழை தவறினால் மீதி வீட்டிலேயே இருக்கட்டும். வாடிய இளஞ்சோளத்தில் தழைச்சத்து மிகுந்தால், மாட்டைக் கொல்லும் நஞ்சும் மிகும். இதனை நம் பக்கத்துச் சம்சாரிகளுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி, சாம்பல் சத்து. மேற்கண்ட பரிந்துரையில் அதற்கு இடமில்லாததைக் கவனித்திருப்பீர்கள். கரிசல் மண்ணில் அச்சத்து இயல்பாகவே மிகுதி. அன்றியும், பயிர் எடுத்த சாம்பல் சத்தில் பெரும்பகுதி கதிரில் இல்லை, தட்டையில் இருக்கிறது. தட்டையை மாடு தின்றது. சாணமும் கோமியமும் குப்பைமேட்டில் எருவாகி மீண்டும் காட்டுக்கே வந்தன. தட்டை லாரி ஏறிவிட்டால் இந்தச் சுற்று அறுந்துபோகும். முதல் சில ஆண்டுகள் விளைச்சலில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். அதுதான் இதிலுள்ள அபாயம்.

ஆனால் சாராயத்தோடு மண்ணின் சத்து எதுவும் போவதில்லை. அது காற்றையும் நீரையும் வெயிலையும் கொண்டு பயிர் ஆக்கிய சர்க்கரையின் விளைவு. சத்தெல்லாம் பிழிந்த சக்கையிலும், வடித்தபின் எஞ்சும் கழிவுநீரிலும் தங்கிவிடுகிறது. எனவே ஆலையுடன் ஒப்பந்தம் எழுதும் சங்கங்கள், டன்னுக்கு என்ன விலை என்பதோடு, சக்கையோ அதன் சாம்பலோ எவ்வளவு, யார் செலவில் காட்டுக்குத் திரும்பும் என்பதையும் எழுதி வாங்கவேண்டும். அது கிட்டாதவிடத்து, தட்டையோடு போகும் சாம்பல் சத்துக்கு ஈடான பொட்டாஷின் விலையைத் தட்டை விலையில் சேர்த்துக் கேட்பது நியாயமே. அளவை அறிய, முதல் லாரி புறப்படுமுன் மண்ணைப் பரிசோதித்து, அச்சீட்டைச் சங்கத்தில் பத்திரப்படுத்துங்கள். சில ஆண்டுகள் கழித்து மறு பரிசோதனையோடு ஒப்பிட அது வேண்டியிருக்கும்.