றேடியேற்றருக்குள் சுண்ணக்கல்

பெற்றோல் எஞ்சின் எரிக்கும் எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரையே சில்லுகளைச் சுழற்றப் பயன்படுகின்றது. எஞ்சியதில் ஒரு பெரும்பகுதி புகைக்குழாய் வழியே வெளியேற, மற்றொரு பெரும்பகுதி எஞ்சினின் சுவர்களுக்குள் இறங்கிவிடுகின்றது. உருளைக்குள் எரியும் வாயுவின் வெப்பநிலை 2000 பாகை செல்சியசைத் தாண்டும் என்பதையும், பிஸ்ரன் செய்யப்படும் அலுமினியம் 660 பாகையில் உருகிவிடும் என்பதையும் சேர்த்து நோக்கினால், அந்தச் சுவர்களைச் சுற்றி ஓடும் சில லீற்றர் நீர் எத்தகைய பொறுப்பைச் சுமக்கின்றது என்பது விளங்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் அந்த நீரே பல வேளைகளில் நோயின் மூலமாகவும் அமைந்துவிடுவதால், அங்கு ஒரு கார் ஏன் கொதிக்கின்றது என்று ஆராய்பவர் எஞ்சினோடு கிணற்றையும் அறிந்திருக்க வேண்டியவராகின்றார்.

குடாநாடு மயோசீன் காலத்துச் சுண்ணக்கல்லின் மீது அமைந்த நிலம். மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றைத் தவிர்த்தால் அங்கு ஆறு என்று சொல்ல வேறொன்றில்லை. குடிப்பதற்கும் தோட்டத்துக்கும் காருக்கும் நெடுங்காலமாக நீர் தந்தது கிணறுதான். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்து மென்னமிலமாகி, நிலாவரைக் கிணறு போன்ற ஆழமான குழிகளைக் குடைந்த அதே முறையில் கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டு நிலத்தடியில் தேங்குகின்றது. இவ்வாறு கல்சியம் இருகாபனேற்று மிகுந்த நீர் வன்னீர் எனப்படும். கேத்திலின் அடியில் சாம்பல் வெண்மையாகப் படிந்து, சுரண்டினால் ஓடு ஓடாகப் பெயர்ந்து வரும் படிவம் இந்த நீரின் வேலையே. சூடேறும்போது இருகாபனேற்று சிதைந்து, கரையாத கல்சியம் காபனேற்றாக மாறிப் படிகின்றது.

பெரும்பாலான உப்புகள் நீர் சூடாகச் சூடாகக் கூடுதலாகக் கரையும்; கல்சியம் காபனேற்று இதற்கு நேர்மாறாக, சூட்டில் குறைவாகவே கரையும். ஆகவே படிவம் எங்கும் ஒரே சீராகப் படியாமல், எஞ்சினில் மிகக் கொதிக்கும் இடங்களை, அதாவது உருளைகளின் மேற்சுற்றையும் புகை வெளியேறும் வால்வுகளை அண்டிய நீர்வழிகளையும் முதலில் பற்றிக்கொள்கின்றது. வார்ப்பிரும்போடு ஒப்பிட இந்தப் படிவம் வெப்பத்தைக் கடத்தும் திறன் இருபது மடங்குக்கு மேல் குறைந்தது என்பதால், மெல்லிய ஓடொன்றும் கம்பளிபோல் உலோகத்தைப் போர்த்தி, நீருக்குப் போக வேண்டிய சூட்டை உள்ளேயே நிறுத்திவிடுகின்றது.

ஒருமுறை நிரப்பிய நீர் தன்னிடமுள்ள சுண்ணத்தை ஒருமுறைதான் கொடுக்கும். ஒழுகும் காருக்கு நாள்தோறும் ஊற்றும் நீரோ நாள்தோறும் புதிய சுண்ணத்தைக் கொண்டுவரும். லீற்றருக்கு 180 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் காபனேற்றுக்கு ஈடான உப்பிருந்தாலே நீர் மிக வன்மையானதாகக் கொள்ளப்படுகின்றது. 300 மில்லிகிராம் உள்ள கிணற்று நீரை நாளொன்றுக்கு ஒரு லீற்றர் வீதம் ஓராண்டு ஊற்றினால், நூறு கிராமுக்கு மேற்பட்ட சுண்ணம் எஞ்சினுக்குள் போய்ச் சேரும். அதில் பாதி படிந்தாலும், பென்சில் தடிப்பும் இல்லாத றேடியேற்றர்க் குழாய்களுக்கு அது பெருஞ்சுமை. சூட்டைத் தணிக்க ஊற்றும் போத்தல் தண்ணீரே அடுத்த ஆண்டின் சூட்டைச் சேமித்து வைக்கின்றது என்பது இந்நோயின் மிகக் கொடிய இயல்பு.

குடாநாட்டின் வீதிகளில் அரை நூற்றாண்டைத் தாண்டியும் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகள் இந்த நீரோடு நீண்டகாலம் போராடியவை. 1948இல் வெளிவந்த முதல் மொறிஸ் மைனரில் நீர்ப்பம்பே இருக்கவில்லை. சூடான நீர் இலேசாகி மேலெழ, குளிர்ந்த நீர் கனத்துக் கீழிறங்கும் இயல்பொன்றே நீரைச் சுற்றச் செய்தது. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டு பெற்றோல் கிடைக்காமற்போன ஆண்டுகளில், ஊரார் ‘ஏ போட்டி’ என்றழைத்த ஒஸ்ரின் ஏ40 போன்ற கார்கள், கார்பரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பப்பட்டு, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்டன. மண்ணெண்ணெய் உருளைக்குள் கட்டுப்பாடின்றி வெடித்து எரியும் தன்மையுள்ளது. அந்தத் தட்டல், சுவரைக் காக்கும் மெல்லிய வாயுப்படலத்தைக் குலைத்து வெப்பத்தை நேரே உலோகத்தில் இறக்கும். எரியாது மிஞ்சிய எண்ணெயோ கீழிறங்கி உராய்வெண்ணெயை இளக்கிவிடும். வாயுவை அதிகம் நெருக்காத பழைய எஞ்சின்கள் என்பதாலேயே அவை தாக்குப்பிடித்தன. அந்தக் கார்களைத் தொடர்ந்து ஓடவைத்த கராஜ்காரர்களின் கைத்திறன் எந்தப் பொறியியல் நூலிலும் இடம்பெறத் தக்கது.

நோயறியும் முறையில் முதற் கேள்வி, எப்போது சூடாகின்றது என்பதே. நல்லூர்த் திருவிழாக் காலத்து நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது கொதித்து, நெரிசலற்ற வீதியில் ஓடும்போது தணிந்தால், குறை காற்றில் உள்ளது: விசிறி சுழலவில்லை, அதன் பட்டி தளர்ந்துவிட்டது, அல்லது றேடியேற்றரின் செதில்களைத் தூசி அடைத்துள்ளது. மாறாக, ஆனையிறவு வழியாக ஏ9 வீதியில் விரைந்து ஓடும்போது வெப்பமானியின் முள் ஏறி, மெதுவாக்கினால் இறங்குமாயின், காற்று போதுமானதாயிருந்தும் நீர் ஓடவில்லை என்று பொருள். சுண்ணமடைத்த குழாய்களின் அடையாளம் இதுவே. கிளப்பிய சில நிமிடங்களிலேயே கொதித்தால் தெர்மோஸ்ரற்றை ஐயுற வேண்டும். எஞ்சின் சூடேறும் வரை நீரின் வழியை மூடிவைத்து, பல கார்களில் 82 பாகையை அண்டித் திறந்துகொடுக்கும் மெழுகு வால்வு அது. அதைக் கழற்றிச் சட்டியில் நீரோடு கொதிக்கவைத்தால், திறக்கின்றதா இல்லையா என்பது கண்முன்னே தெரிந்துவிடும். அதை நிரந்தரமாகக் கழற்றி எறிவது பரவலான பழக்கமாயினும் தவறானது. எஞ்சின் உரிய சூட்டை அடையாது தேய்வதோடு, அடைத்த குழாயின் நோயும் மறைக்கப்படுகின்றது.

ஆறிய பின்னரே றேடியேற்றர் மூடியைத் திறக்க வேண்டும். மூடியின் வில்சுருள் உள்ளே ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு மேலதிக அமுக்கத்தைப் பிடித்துவைப்பதால் நீர் 120 பாகை வரை கொதிக்காதிருக்கும்; சூட்டோடு திறந்தால் அந்த அமுக்கம் நீங்கிய கணமே நீர் ஆவியாகிச் சீறி முகத்தையும் கையையும் அவித்துவிடும். உள்ளிருந்து பெயரும் ஓட்டுத்துண்டில் தேசிக்காய்ச் சாறு விட்டுப் பார்ப்பது எளிய சோதனை: நுரைத்தால் சுண்ணம், நுரைக்காத செந்தூளாயின் இரும்புத் துரு. சூடான எஞ்சினை நிறுத்தி, தானாகச் சுழலக்கூடிய மின்விசிறியின் இணைப்பையும் கழற்றிவிட்டு, றேடியேற்றரின் முகத்தில் உள்ளங்கையை அருகே கொண்டுசென்றால், அடைபட்ட குழாய்கள் உள்ள பகுதி சூடின்றித் தனித்துத் தெரியும். எஞ்சின் ஓடும்போது மேற்தொட்டியில் இடைவிடாது குமிழி எழுவதும், எண்ணெய் மூடியின் அடியில் பாற்கட்டிபோல் வெண்கூழ் ஒட்டியிருப்பதும் எஞ்சின் தலைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள கஸ்கற் உடைந்ததைக் காட்டும் குறிகள். அந்நிலையில் எவ்வளவு நீர் ஊற்றியும் பயனில்லை.

பழைய செப்பு, பித்தளை றேடியேற்றரின் மேற்தொட்டியை ஈயப்பற்றை உருக்கிக் கழற்றி, ஒவ்வொரு குழாயிலும் தட்டையான கம்பியை விட்டுச் சுண்ணத்தை உடைத்தெடுத்து மீண்டும் பற்றவைக்கலாம். இன்றைய யப்பானியக் கார்களின் அலுமினிய றேடியேற்றருக்குப் பிளாஸ்ரிக் தொட்டி நெரித்துப் பொருத்தப்பட்டிருப்பதால், அது பெரும்பாலும் முழுதாக மாற்றப்பட வேண்டியதாகின்றது. இவற்றில் துருவைத் தடுக்கும் சேர்க்கையுள்ள கூலன்ற்றைக் காய்ச்சி வடித்த நீரில் கலந்து ஊற்றுவதே முறை. வடித்த நீர் கைக்கெட்டாத இடத்தில், ஐப்பசி, கார்த்திகை மழையின் முதற்பாட்டம் கூரையைக் கழுவிய பின்னர் ஏந்திய மழைநீரைக் கிணற்று நீருக்குப் பதிலாகக் கலக்கலாம். கல்லைத் தொடாமல் வரும் அந்த நீரில் படிவதற்குச் சுண்ணம் இல்லை.