விளக்கெண்ணெய் கொடுத்த இரவு

முத்து எங்கள் வீட்டுக் கடுவன் பூனை. ஆறு வயது. ஒரு சனிக்கிழமை இரவு மணல் தட்டில் போய்க் குந்தினான், எழுந்தான், சுற்றி வந்தான், மறுபடியும் குந்தினான். மலச்சிக்கல் என்று நினைத்தோம். அம்மா அரை ஸ்பூன் விளக்கெண்ணெயை அவன் வாயில் ஊற்றி, "காலையில சரியாயிடும், விடு" என்றார். ஞாயிற்றுக்கிழமை வழக்கமாகப் போகும் கிளினிக் பூட்டியிருந்தது. ஒரு நாள்தானே என்று நாங்களும் இருந்துவிட்டோம். திங்கட்கிழமை காலை டாக்டர் அவன் அடிவயிற்றைத் தொட்டதுமே அவருடைய முகம் மாறியது.

"மலச்சிக்கல் இல்லைங்க, மூத்திரம் அடைச்சிருக்கு. கடைசியா எப்ப மூத்திரம் போனான்?"

எங்கள் யாரிடமும் பதில் இல்லை. அடைப்பை எடுத்தார்கள், டிரிப்ஸ் ஏற்றினார்கள். ஆனால் கழிவு ரத்தத்தில் ஏறிச் சிறுநீரகமும் இதயமும் தளர்ந்துவிட்டிருந்தன. அன்று மாலை முத்து போய்விட்டான். அவன்மேல் எங்களுக்குப் பாசம் குறைவில்லை. எதைப் பார்க்க வேண்டும், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. அது இன்னொரு வீட்டில் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வலியை மறைக்கும் உயிர்

பூனை வேட்டையாடும் விலங்கு. அதே சமயம் தன்னைவிடப் பெரிய விலங்குகளுக்கு இரையாகும் சின்ன உயிரும்கூட. பலவீனத்தைக் காட்டினால் ஆபத்து என்பது அதன் இயல்பில் ஊறிக் கிடக்கிறது. நோய் வந்தால் கட்டிலுக்கு அடியிலோ பீரோவுக்குப் பின்னாலோ போய் ஒடுங்கிக்கொள்ளும். "தூங்குது" என்று நாம் விட்டுவிடுவோம். வலியின் உச்சத்திலும் தொண்டைக்குள் 'குர்ர்' என்று ஒலி எழுப்பிக்கொண்டே இருக்கும் பூனைகளும் உண்டு. ஆகவே 'குர்ர்' என்கிறதே, நன்றாகத்தான் இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது.

கனடாவின் மான்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் பூனையின் முகத்தை வைத்தே வலியைக் கணிக்கும் அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். அதில் பார்க்க வேண்டியவை ஐந்து: காதுகள் விலகி வெளிப்பக்கம் திரும்பியிருக்கின்றனவா, கண்கள் இடுங்கியிருக்கின்றனவா, வாய்ப்பகுதி இறுகியிருக்கிறதா, மீசை முடி தளர்வாக வளையாமல் விறைத்து நிற்கிறதா, தலை தோளுக்குக் கீழே தொங்குகிறதா. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். நலமாக இருக்கும்போது உங்கள் பூனையின் முகத்தை ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

இன்னொன்று மூச்சு. தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை முறை விலா ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். முப்பதுக்குள் இருப்பது இயல்பு. ஓய்வில் இருக்கும்போதே நாற்பதைத் தாண்டினால் காத்திருக்க வேண்டாம்.

விடியட்டும் என்று இருக்கக் கூடாதவை

* கடுவன் பூனை அடிக்கடி குந்தியும் சிறுநீர் வராமல் தவிப்பது, அடிப்பகுதியை நக்கிக்கொண்டே இருப்பது, கத்துவது. கடுவனின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. உப்புப் படிகமோ சளி போன்ற கட்டியோ அடைத்துவிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும்; ஒன்றிரண்டு நாளில் இதயமே நின்றுவிடும்.
* வாயைத் திறந்து மூச்சு வாங்குவது. நாய்க்கு அது சாதாரணம், பூனைக்கு அல்ல.
* பின்னங்கால்கள் திடீரென விழுந்து, தொட்டால் சில்லென்று இருப்பது. இதய நோயால் உருவாகும் ரத்தக்கட்டி கால்களுக்குப் போகும் ரத்தத்தை அடைத்திருக்கலாம்.
* குட்டிக்குக் காய்ச்சல், ஓயாத வாந்தி, சோர்வு. குட்டிகளைக் கொத்தாகக் கொல்லும் பான்லூக்கோபீனியா என்ற வைரஸ் நோயாக இருக்கலாம்.
* ஒரு நாள் முழுக்க எதுவும் தின்னாமல் இருப்பது. உடல் பருத்த பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்தாகும்.
* வலிப்பு, நிற்காத ரத்தப்போக்கு, விஷம் தின்ற சந்தேகம், மாடியிலிருந்து விழுந்தது, வண்டியில் அடிபட்டது.

நம் மருந்துப் பெட்டி அதற்கு விஷம்

"காய்ச்சல்தானே, கால் மாத்திரை கொடுப்போம்." இந்த ஒரு வார்த்தை கொன்ற பூனைகள் ஏராளம். நாம் சாதாரணமாக விழுங்கும் பாராசிட்டமாலை உடைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குப் போதாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும், ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும். ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளும் அப்படித்தான். தெரியாமல் கொடுத்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு என்று அட்டையோடு போய் டாக்டரிடம் சொல்லுங்கள். பாராசிட்டமால் விஷத்துக்கு முறிவு மருந்து உண்டு. சீக்கிரம் போனால்தான் அது பலன் தரும்.

நாய்க்கு உண்ணி போவதற்காக முதுகில் விடும் பெர்மெத்ரின் கலந்த சொட்டு மருந்தைப் பூனைக்கு விட்டால் நடுக்கமும் வலிப்பும் வரும். புண்ணில் பினாயில், டெட்டால் தடவினால் நக்கி உள்ளே இழுத்துக்கொள்ளும். பூச்சி விழட்டும் என்று கொடுக்கும் பூண்டு ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பூங்கொத்தில் வரும் லில்லிப் பூவின் மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் பழுதாகலாம். வாயைப் பிளந்து எண்ணெய் ஊற்றினால், நாங்கள் செய்தது போல, அது நுரையீரலுக்குள் இறங்கிவிடக்கூடும். பூ கட்டும் நூலை விழுங்கி, நுனி வாயிலோ ஆசனவாயிலோ தொங்கினால் ஒருபோதும் இழுக்காதீர்கள். உள்ளே குடலையே அறுத்துவிடும்.

அடிபட்டால் தூக்கும் முறை

பூனை எங்கிருந்து விழுந்தாலும் நாலு காலில் நிற்கும் என்பது பாதி உண்மைதான். நியூயார்க்கில் உயரமான கட்டடங்களிலிருந்து விழுந்து மருத்துவமனைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றிய ஆய்வு 1987-இல் வெளியானது. சிகிச்சை பெற்றவற்றில் பத்தில் ஒன்பது பிழைத்தன. பிழைத்தது சிகிச்சையால். நாலு காலில் நின்ற பூனைக்கும் நுரையீரல் நசுங்கியிருக்கலாம், தாடை உடைந்திருக்கலாம். எழுந்து நடக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். பால்கனிக்கு வலை அடிப்பது சிகிச்சைச் செலவுகள் எல்லாவற்றையும்விட மலிவு.

அடிபட்ட பூனையைக் கழுத்தைப் பிடித்துத் தூக்காமல், கெட்டியான துண்டை மேலே போர்த்தி, அட்டையிலோ பலகையிலோ மெல்ல நகர்த்திக் கூடைக்குள் வையுங்கள். தண்ணீரோ பாலோ புகட்ட வேண்டாம். வலியில் இருக்கும் பூனை வளர்த்தவரையே கடிக்கும். கடித்தால் அந்த இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டுங்கள். ரேபிஸ் தடுப்பூசி அங்கே இலவசம்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் மட்டுமே விலங்குகளுக்கு வைத்தியம் செய்யலாம். செல்லப்பிராணிக் கடைக்காரரும் மருந்துக் கடைக்காரரும் ஊசி போட முடியாது. பதிவு எண்ணைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

ஊரிலுள்ள கால்நடை மருந்தகம் பெரும்பாலும் ஆடு மாடு பார்க்கும் இடம். பூனைக்கு எக்ஸ்ரே, ஸ்கேன், அறுவை சிகிச்சை வசதி எங்கே உண்டு என்பதை நோய் வருவதற்கு முன்பே விசாரித்து, ஞாயிறும் இரவும் திறந்திருக்கும் இடத்தின் எண்ணைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள். 1903-இல் தொடங்கி இன்று சென்னை வேப்பேரியில் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகளிலும் சிகிச்சைக்கென மருத்துவமனைகள் உள்ளன. தனியார் செலவு கையைக் கடிக்கும்போது இவை பெரிய துணை.

மேஜையின் மேல் பூனை கிடக்கும்போது நமக்குப் பேச்சு வராது. அதனால் நான்கு கேள்விகளை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என்ன நோய் என்று உறுதியா, சந்தேகமா? என்னென்ன வழிகள் உண்டு? பிழைக்க எவ்வளவு வாய்ப்பு? மொத்தம் எவ்வளவு ஆகும், இன்று எவ்வளவு கட்ட வேண்டும்? "என்னால இவ்வளவுதான் முடியும் டாக்டர்" என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தத் தொகைக்குள் எதைச் செய்தால் அதிகப் பலன் என்று நல்ல டாக்டர் சொல்லுவார்.

சட்டம் என்ன தருகிறது

மருந்துச் சீட்டு, பரிசோதனை அறிக்கை, எக்ஸ்ரே, ரசீது எல்லாவற்றையும் கேட்டு வாங்கி ஒரு கோப்பில் வையுங்கள். வேறு டாக்டரிடம் போக நேர்ந்தால் முதலில் தேவைப்படுவது இவைதான். சேவைக்கு ரசீது தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிக நடவடிக்கை.

பணம் கொடுத்துப் பெற்ற சிகிச்சையில் கவனக்குறைவு நடந்ததாக நம்பினால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் புகார்க் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. வழி கேட்க 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உண்டு. மருத்துவரின் நடத்தை பற்றிய புகாருக்கு மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சில் இருக்கிறது. ஆனால் பூனை இறந்தது என்பதே கவனக்குறைவுக்குச் சாட்சி ஆகாது. வேறொரு கால்நடை மருத்துவரின் எழுத்துபூர்வமான கருத்து வேண்டும். சாவின் காரணம் தெரிய வேண்டுமானால் புதைப்பதற்கு முன்பே உடற்கூறு ஆய்வு கேளுங்கள்.

யாராவது விஷம் வைத்தாலோ வேண்டுமென்றே அடித்து ஊனமாக்கினாலோ, பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவின் கீழ் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ரசீதை வாங்குங்கள். மிச்ச உணவு, வாந்தி, போட்டோ, கேமரா பதிவு எல்லாம் சாட்சியங்கள்.

சட்டம் நம்மையும் கேட்கிறது. 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி விலங்கை நலமாக வைத்திருப்பது வளர்ப்பவரின் கடமை. பசியிலும் தாகத்திலும் வாடும்படி கைவிடுவது குற்றம். முதல் முறைக்கு அபராதம் 50 ரூபாயைத் தாண்டாது என்பது வேதனை. அந்தத் தொகையை வைத்துக் குற்றத்தின் கனத்தை அளக்க வேண்டாம். நோயாளிப் பூனையை மீன் சந்தையில் விட்டுவிட்டு வருவது அதைக் கொல்வதற்குச் சமம்.

போராடுவதா, விடை கொடுப்பதா

சில நோய்ப் பெயர்களைக் கேட்டதும் கை கழுவ வேண்டியதில்லை. வயிற்றில் நீர் கோக்கும் எஃப்.ஐ.பி. என்ற நோய்க்குச் சில ஆண்டுகளுக்கு முன்வரை சாவு மட்டும்தான் முடிவு. டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் நீல்ஸ் பெடர்சன் குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில் 31 பூனைகளுக்கு ஜி.எஸ். 441524 என்ற மருந்தைக் கொடுத்திருந்தார்கள், 25 பிழைத்தன. இன்று சிகிச்சை உண்டு. ஆனால் இணையத்தில் கிடைக்கும் பெயரில்லாக் குப்பிகளை நம்பாமல், டாக்டரின் கண்காணிப்பில் செய்ய வேண்டும்.

சில நோய்களில் அந்த வழியும் இருக்காது. அப்போது தினமும் ஒரு தாளில் எழுதுங்கள்: தின்றதா, மூச்சு எளிதாக விடுகிறதா, தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொண்டதா, நம்மைப் பார்த்து வந்ததா, வலி மருந்துக்கு அடங்கியதா. கெட்ட நாட்கள் நல்ல நாட்களை மிஞ்சும்போது கருணைக்கொலை பற்றி டாக்டரிடம் பேசலாம். மயக்க மருந்தைக் கூடுதல் அளவில் செலுத்துவார்கள். உணர்வு போன பிறகே இதயம் நிற்கும். பதிவு பெற்ற மருத்துவர் மட்டுமே அதைச் செய்ய வேண்டும். முடிந்தால் பக்கத்தில் இருங்கள். உங்கள் குரலும் வாசனையும் அதற்குப் பழகியவை.

"பூனைக்குப் போய் அழறியா?"

இந்தக் கேள்வியை என்னிடமும் கேட்டார்கள். வீட்டில் ஒரு மனிதர் போனால் ஊரே வந்து உட்காரும், சோறு வரும், விடுப்பு கிடைக்கும். பூனை போனால் இவற்றில் ஒன்றும் இல்லை. அதனால் துக்கம் குறைவதில்லை. தனியாகச் சுமக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். குழந்தைகளிடம் "ஊருக்குப் போயிருக்கு" என்று பொய் சொல்லாமல் இறந்துவிட்டது என்றே சொல்லுங்கள்; அடக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் கெட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. தொற்று நோயில் இறந்திருந்தால் ஒரு முன்னெச்சரிக்கை: பான்லூக்கோபீனியா கிருமி வீட்டில் ஓராண்டு வரை உயிரோடு இருக்கும். பாத்திரங்களை அப்புறப்படுத்தி, தரையைப் பிளீச்சிங் கரைசலால் துடையுங்கள். அடுத்து வரும் குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தடுப்பூசியைத் தொடங்கி, பதினாறு வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போட்டுவிட்டு, அதன் பிறகே வெளியே விடுங்கள்.

போன மாதம் இரவு பத்தரை மணிக்குக் கீழ்வீட்டுப் பெண் ஏறி வந்தாள். "அத்தே, டைகர் மணல்லயே போய்ப் போய் உக்காருது. விளக்கெண்ணெய் இருக்கா?" அம்மா சமையலறைப் பக்கமே திரும்பவில்லை.

"கடைசியா எப்ப மூத்திரம் போச்சு?"

அவளுக்குத் தெரியவில்லை. அம்மா செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம், "அந்த ஃப்ரிட்ஜ் மேல இருக்கிற நம்பருக்குப் போன் போடு, நான் ஆட்டோ புடிக்கிறேன்" என்றார். அன்றிரவே அடைப்பை எடுத்தார்கள். டைகர் இப்போது எங்கள் மாடிப்படியில்தான் வெயில் காய்கிறது.