தடையில்லாப் பாதை – 17: திசை தேடும் எலெக்ட்ரான்கள்

2008-ல் ஹொசோனோ குழு 26 கெல்வினில் மீக்கடத்தும், அதாவது தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும், இரும்புச் சேர்மத்தைக் கண்டுபிடித்தது, அதன்பின் சீன ஆய்வகங்கள் ஓடிய ஓட்டம் எல்லாம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் இரும்பு செலினைடு என்று சொல்லியிருந்தேன். அதற்குமுன் ஒரு பசையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அதே இரும்புக் குடும்பத்தைச் சேர்ந்த பேரியம் இரும்பு ஆர்சனைடு படிகத்தில், அறை வெப்பநிலையில் இரும்பு அணுக்கள் சதுரக் கட்டங்களில் உட்கார்ந்திருக்கின்றன. சுமார் 140 கெல்வினுக்குக் குளிர்வித்தால் சதுரம் செவ்வகமாகிறது. கூடவே காந்த ஒழுங்கும் வந்து சேர்கிறது. செவ்வகம் என்றாலும் நீளத்துக்கும் அகலத்துக்கும் வித்தியாசம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மின்தடையில் எவ்வளவு வித்தியாசம்? அளக்க வழியில்லை. குளிரும்போது படிகம் பகுதி பகுதியாகப் பிரிந்து, ஒன்று கிழக்கே நீண்டால் பக்கத்துப் பகுதி வடக்கே நீளும். கையில் கிடைப்பது சராசரிதான்.

2010-ல் ஸ்டான்ஃபோர்டில் இயன் ஃபிஷர் குழு, படிகத்தை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தபடியே குளிர்வித்தது. பகுதிகள் பெரும்பாலும் ஒரே பக்கம் திரும்பின. கோபால்ட் கலந்த சில மாதிரிகளில் ஒரு திசையின் மின்தடை மற்றதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! அதுவும் அணுக்கள் நெருங்கி நிற்கும் குட்டைப் பக்கத்தில்தான் தடை அதிகம். கோரைப்பாயில் கோரைகளுக்கு நீளவாக்கு உண்டு, தலைமாடு கால்மாடு கிடையாது. எலெக்ட்ரான்களின் இந்த ஒழுங்கும் அப்படிப்பட்டது. நெமட்டிக் ஒழுங்கு என்கிறார்கள்.

படிகம் இழுத்த இழுப்புக்கு எலெக்ட்ரான்கள் போயிருக்கலாமே? இங்கேதான் பசை வருகிறது. 2012-ல் அதே குழு, மெல்லிய படிகத்தை ஒரு பீசோ அடுக்கின் பக்கவாட்டில் எபாக்சியால் ஒட்டியது. வோல்டேஜ் கொடுத்தால் பீசோ நீளும். படிகமும் கூடவே நீளும், பத்தாயிரத்தில் ஓரிரு பங்கு. இப்போது நீட்சி, பரிசோதிப்பவர் கையில். படிகம் மட்டுமே காரணம் என்றால், அதே நீட்சிக்கு எந்தக் குளிரிலும் மின்தடை ஏறக்குறைய ஒரே அளவுதான் மாற வேண்டும். ஆனால் செவ்வகமாகும் வெப்பநிலையை நெருங்க நெருங்க அந்த மாற்றம் ஏறிக்கொண்டே போனது. முன்னே போவது எலெக்ட்ரான்கள்.

அது ஏறிய வளைகோடு, காந்தவியலில் கியூரி–வைஸ் விதி என்று பெயர் பெற்றது. வாரம் முழுக்க என்னை விடாமல் பிடித்துக்கொண்டது இதுதான்: பீசோ விளைவை 1880-ல் அண்ணன் ஜாக்குடன் சேர்ந்து கண்டுபிடித்தவரும் அதே பியர் கியூரிதான். அப்போது தம்பிக்கு இருபத்தொரு வயது. காந்தம் பற்றிய ஆய்வேடு 1895-ல் வந்தது. இன்னொரு பியரான வைஸ் 1907-ல் அந்த விதியை விரித்தார். கியூரியின் இளமைக் கண்டுபிடிப்பு படிகத்தை இழுக்கிறது, பிற்கால விதி அதன் பதிலைப் படிக்கிறது. நடுவில் ஒரு சொட்டு எபாக்சி. பரிசோதனை அறையில் இதைவிட அழகான சந்திப்பை நான் அறியேன்.

சதுரம் சதுரமாக இருக்கும்போதே எலெக்ட்ரான்கள் இந்தத் திசையா அந்தத் திசையா என்று மாறி மாறித் துடிக்கின்றன. இதுவே நெமட்டிக் அலைவு. 2016-ல் ஐந்து வகை இரும்பு மீக்கடத்திகளில் பார்த்தபோது, மீக்கடத்தும் வெப்பநிலை உச்சத்தில் இருக்கும் கலவையில் இந்தத் துடிப்பு குளிரக் குளிரப் பெருகிக்கொண்டே போனது. அப்படியானால் எலெக்ட்ரான்களை ஜோடி சேர்ப்பது இதுவா? உறுதியாகச் சொல்ல விடாமல் காந்த அலைவும் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இரும்பு செலினைடு 90 கெல்வினில் செவ்வகமாகிறது, காந்த ஒழுங்கு இல்லாமலே. அதில் கந்தகம் கலந்தால் என்ன ஆகும் என்பது அடுத்த வாரம்.