சாவியும் சன்னலும்

ஆண்டுதோறும் ஜூன் மாதம் 29ஆம் நாளையொட்டி, மலாக்காவிலுள்ள போர்த்துகீசியக் குடியிருப்பில் 'சான் பெத்ரோ' விழா நடைபெறுகிறது. இயேசுநாதரின் சீடரான பேதுருவையே அம்மக்கள் சான் பெத்ரோ என்கின்றனர். அவர் முதலில் மீன் பிடித்து வாழ்ந்தவர். ஆதலின் மீனவர்களுக்குக் காவலராகப் போற்றப்படுகிறார். உஜோங் பாசிர்க் கடலோரத்தில், ஏறத்தாழ 28 ஏக்கர் நிலத்தில் அமைந்த சிற்றூர் அது. மனைவி, மாமியார், பள்ளியில் படிக்கும் மகள் ஆகியோருடன் சென்ற ஆண்டு அவ்விழாவுக்குப் போயிருந்தேன். விழாவைக் காணச் சென்ற நான் ஒரு மொழியைக் கேட்டுத் திரும்பினேன். தமிழ் கற்பிக்கும் நண்பர்களுக்கு அம்மொழியைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

1511இல் அல்புகெர்க்கே மலாக்காவைக் கைப்பற்றினார். அந்நாளில் இந்நகரில் எண்பத்து நான்கு மொழிகள் வழங்கின என்று எழுதி வைத்தவர் தொமே பிரெஸ் என்னும் போர்த்துகீசியர். தமிழும் இங்கே செல்வாக்குடன் இருந்தது. 'நீனா சத்து' என்று போர்த்துகீசியர் குறிப்பிடும் தமிழ் வணிகரைத்தான் அல்புகெர்க்கே பெண்டகாராவாக அமர்த்தினார். வந்த வீரரும் மாலுமிகளும் இவ்வூர்ப் பெண்களை மணந்தனர். அவர்களின் வழிவந்தோர் பேசிய மொழியே கிறிஸ்தாங். 'கிறிஸ்தவர்' என்பதே அச்சொல்லின் பொருள். 1641இல் டச்சுக்காரர் வந்தனர். பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். ஆட்சிகள் மாறின, அடுக்களையில் மொழி மாறவில்லை. நகரில் சிதறி வாழ்ந்த இம்மக்களுக்கு ஓர் ஊர் வேண்டும் என்று இரு பாதிரிமார்கள் முயன்றதன் பயனாக, 1930களில் இக்குடியிருப்பு உருவாயிற்று. அதன் தெருக்களுக்கு அல்புகெர்க்கே, செக்கேரா, எரேதியா என்றெல்லாம் பெயர்.

பிற்பகலில் படகுகளுக்கு ஆசி வழங்கினர். கொடியும் பூவும் வண்ணத்தாளும் கட்டிய படகுகள் வரிசையாக நின்றன. பாதிரியார் ஒவ்வொன்றின்மீதும் புனித நீரைத் தெளித்தார். அழகான படகுக்குப் பரிசும் உண்டு. ஆயினும் படகுகள் மிகுதியாக இல்லை. கடலைத் தூர்த்து நிலமாக்கிய பிறகு, கரையோரத்தில் மீன்பிடித் தொழில் சுருங்கிவிட்டது. இடுப்பளவு நீரில் வலையைத் தள்ளிக்கொண்டு நடந்து 'கெராகாவ்' எனப்படும் கூனி இறாலைப் பிடிப்பது இவர்களுடைய பழந்தொழில். பெலாச்சானும் சிஞ்சாலோக்கும் அதிலிருந்து செய்பவையே. என் மாமியார் இரண்டு போத்தல் சிஞ்சாலோக் வாங்கியதுடன், அதைச் செய்யும் முறையையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அவ்விடத்தை விட்டு நகர்ந்தார்.

இரவில் மேடையில் நடனம். சிவப்பும் கறுப்புமான பாவாடை, இடுப்பில் சுற்றிய துணி, கைதட்டல், துள்ளல்! "ஐந்நூறு ஆண்டுகளாக இதையே ஆடுகிறார்களா?" என்று மனைவி கேட்டார். இல்லை. போர்த்துகல் நாட்டு அமைச்சர் ஒருவர் 1952இல் மலாக்காவுக்கு வந்தார். அக்காலத்தை ஒட்டியே ஐரோப்பியப் போர்த்துகீசிய நாட்டுப்புற நடனங்களையும் உடைகளையும் இவர்கள் கற்றுக்கொண்டனர். இவர்களுடைய பழைய ஆட்டம் 'பிரான்யோ' என்பது. மலாய் ஜோகெட்டுக்கு உறவானது. கற்றுக்கொண்டது என்பதால் மேடை நடனம் பொய்யாகிவிடாது. ஆனால் ஐந்நூறு ஆண்டுச் செல்வம் எது என்று கேட்டால், மேடையைப் பார்த்துப் பயனில்லை. மேடைக்குப் பின்னால் உணவு விற்ற பாட்டியின் வாயைக் கவனிக்க வேண்டும்.

அந்த அம்மையார் பேரனைப் பார்த்து ஏதோ சொன்னார். அதில் 'சாபி' என்ற சொல் என் காதில் விழுந்தது. பையன் ஒரு சாவியைக் கொண்டுவந்து கொடுத்தான்! என் மகள் வியந்து, "இவர்களுக்குத் தமிழ் தெரியுமா அப்பா?" என்றாள். உண்மை வேறு. நமக்குத்தான் போர்த்துகீசியம் தெரிந்திருக்கிறது. சாவி, சன்னல், மேசை, அலமாரி, துவாலை, பேனா, பீப்பாய், ஏலம், பாதிரி ஆகிய இவையெல்லாம் பதினாறாம் நூற்றாண்டு முதல் தமிழ்க் கடற்கரைக்கு வந்த போர்த்துகீசியர் வழியாக நாம் பெற்றவை. திறவுகோலும் சாளரமும் நம்மிடம் முன்பே இருந்தும், அயற்சொல் வீட்டுக்குள் வந்து அமர்ந்துகொண்டது. மலாய்மொழியின் ஜெண்டேலா, மேஜா, அல்மாரி, செகோலா, மெந்தேகா என்பனவும் அதே கப்பலில் வந்தவையே. 'கப்பல்' என்னும் சொல்லையோ மலாய் நம்மிடம் பெற்றது. அச்சுக்கலையும் தமிழுக்கு அக்கப்பலில்தான் வந்தது. 1554இல் லிஸ்பனில் தமிழை உரோமன் எழுத்தில் அச்சிட்டனர். தமிழ் எழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது.

இனி, இலக்கணம். போர்த்துகீசியத்தில் வினைச்சொல் இடத்திற்கும் காலத்திற்கும் ஏற்பப் பற்பல வடிவம் கொள்ளும். கிறிஸ்தாங் அவற்றையெல்லாம் உதறிவிட்டது. 'குமி' என்றால் உண்ணுதல். 'யோ ஜா குமி' என்பது நான் உண்டேன். 'யோ தா குமி' என்பது உண்கிறேன். 'யோ லோகு குமி' என்பது உண்பேன். வினையடி அசையாமல் நிற்க, முன்னால் வரும் சிறுசொல்லே காலம் காட்டுகிறது. வீடு என்பது 'காசா'. வீடுகள் என்பது 'காசா-காசா'. இப்படி இரட்டித்துப் பன்மை காட்டுவது மலாயின் தாக்கம். போர்த்துகீசியர் வீட்டை முன் சொல்லி உடையவரைப் பின் சொல்வர். கிறிஸ்தாங்கிலோ 'பெத்ரோ சா காசா'. நம் 'பெத்ரோவின் வீடு' என்பதற்கு அதே வரிசை! 'அவன் என்னை அடித்தான்' என்பது 'எலி ஜா டாலி கு யோ' என வரும். 'எலி' என்றால் அவன் அல்லது அவள் என்று சொன்னதும் என் மகளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அங்குள்ள 'கு' நம் நான்காம் வேற்றுமை உருபோ என ஆசிரியர் சிலருக்கு ஐயம் எழலாம். அன்று, அது பெயருக்கு முன்னால் வருவது, 'உடன்' எனப் பொருள்படும் போர்த்துகீசியச் சொல்லின் திரிபு. ஒலி ஒத்தால் உறவு என்று துணியும் பழக்கம் நம்மிடையே சற்று மிகுதி. அதற்காகவே இதைக் குறித்தேன்.

மெய்யான தமிழ்த் தாக்கத்தைக் காண வேண்டுவோர் மட்டக்களப்பை நோக்க வேண்டும். அங்குள்ள பறங்கியர் பேசும் போர்த்துகீசியத்தில் வினை வாக்கியத்தின் இறுதிக்குச் சென்றது. வேற்றுமை உருபுகள் பெயருக்குப் பின்னே ஒட்டின. ஒரே தாயின் இரு மகள்களுள் ஒருத்தி தமிழ் வீட்டிலும் மற்றொருத்தி மலாய் வீட்டிலும் வாழ்க்கைப்பட்டது போலாயிற்று.

சாவியைக் கொண்டுவந்த பையன் பாட்டிக்கு ஆங்கிலத்தில்தான் மறுமொழி சொன்னான். "அவனுக்குப் புரிகிறதே, ஏன் அதில் பேசவில்லை?" என்று என் மகள் என்னிடம் கேட்டாள். அவளும் அதை ஆங்கிலத்திலேயே கேட்டாள். மனைவி என்னைப் பார்த்தார். நான் மேடையைப் பார்த்தேன்.

கிறிஸ்தாங் பள்ளியில் பாடமொழியாக இருந்ததில்லை. நமக்கோ 1816இல் பினாங்கில் தமிழ் வகுப்புத் தொடங்கியது. இரு நூற்றாண்டு கடந்தும் பள்ளிகள் நிற்கின்றன. படித்தோர் கிறிஸ்தாங்கைச் சிதைந்த போர்த்துகீசியம் என்று இகழ்ந்த காலமும் உண்டு. அது சிதைவன்று, தனக்கென ஒழுங்குடைய மொழி என்பதை 1988இல் வெளிவந்த ஆலன் பாக்ஸ்டரின் இலக்கண நூல் விரிவாகக் காட்டியது. 2016இல் சிங்கப்பூரில் இளைஞர் சிலர் கிறிஸ்தாங் வகுப்புத் தொடங்கினர். பாட்டியிடம் கேட்டும் பேசாமல் விட்டதை அங்கே பலகையைப் பார்த்துக் கற்றனர்.

புறப்படும்போது என் மகள் தன் குறிப்பேட்டை அந்த அம்மையாரிடம் நீட்டி, சில சொற்களை எழுதித் தருமாறு கேட்டாள். அவர் 'சாபி' என்று உரோமன் எழுத்தில் எழுதினார், அடித்தார், வேறு விதமாக எழுதினார், அதையும் பார்த்துத் தலையசைத்தார். பிறகு சிரித்துக்கொண்டே, தாம் இதைப் பேசியதுண்டே தவிர எழுதியதில்லை என்று மலாயில் சொல்லி, எழுதுகோலை மகளிடமே கொடுத்துவிட்டார். "நான் சொல்கிறேன், நீ எழுது" என்றார். மகள் கேட்டுக் கேட்டு எழுதினாள், தமிழ் எழுத்தில்.