கணக்கு எழுதிய தாள் எங்கே போகிறது?

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரை வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தி, கம்பு, சோளம். பொய்த்தால் சீமைக் கருவேல்தான் மிச்சம். இந்தப் பக்கத்துச் சம்சாரி வீட்டுக்கு எப்போதாவது ஒரு விருந்தாளி வருவதுண்டு. கையில் ஒரு கட்டுத் தாளுடன் சர்வகலாசாலையிலிருந்து வரும் ஆராய்ச்சி மாணவர்தான் அவர்.

"எத்தனை குறுக்கம் நிலம்? கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர்? கடன் யாரிடம்? என்ன வட்டி?"

வீட்டு அம்மாள் அடுப்பு வேலையை அப்படியே விட்டுவிட்டு வந்து திண்ணையில் உட்காருவாள். பக்கத்து வீட்டுக்காரிக்குக்கூடச் சொல்லாத கணக்கை அந்தப் பிள்ளையிடம் சொல்லுவாள். பிள்ளை எழுதிக்கொண்டு, மோர் குடித்துவிட்டு, பஸ் ஏறிப் போய்விடுவார்.

அந்தத் தாள் அப்புறம் எங்கே போகிறது?

ஒரு தடவை கேட்டு எழுதியது நூறு வருஷம் பயன்பட்ட கதை ஒன்று உண்டு. அதில் இந்த ஜில்லாவுக்கும் பங்கு இருக்கிறது.

1915-ஆம் வருஷக் கடைசியில் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் சென்னை சர்வகலாசாலையில் பொருளாதாரப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். கிராமத்தைத் தெரிந்துகொள்ளாமல் இந்தியப் பொருளாதாரத்தைப் படிக்க முடியாது என்பது அவர் எண்ணம். 1916-இல் மாணவர்களிடம் ஒரு கேள்வித் தாளைக் கொடுத்து, விடுமுறையில் கிராமங்களுக்குப் போய்க் கணக்கெடுத்து வரச் சொன்னார். நிலம், கூலி, கடன், சாப்பாடு எல்லாவற்றையும் கேட்டு எழுதி வந்தார்கள். 1918-இல் அது புத்தகமாக அச்சேறியது.

அதில் வந்த ஊர்களில் ஒன்று வடமலைபுரம். அருப்புக்கோட்டைக்கு மேற்கே, சிவகாசிப் பக்கம் உள்ள ஊர். அன்று ராமநாதபுரம் ஜில்லா. இன்று விருதுநகர் மாவட்டம். திருநெல்வேலிச் சீமையில் கங்கைகொண்டான், தஞ்சாவூர்ப் பக்கம் பாலக்குறிச்சி, வட ஆர்க்காட்டில் தூசி, தென் ஆர்க்காட்டில் இருவேல்பட்டு ஆகியவையும் அந்தப் புத்தகத்தில் உண்டு.

அதோடு முடிந்திருந்தால் அது ஒரு பழைய புத்தகம். அவ்வளவுதான். ஆனால் இருபது வருஷம் கழித்து, 1936-37-இல், அதே சர்வகலாசாலையின் பேராசிரியர் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அந்த ஊர்களில் மறுபடி கணக்கெடுக்க ஏற்பாடு செய்து, 1940-இல் வெளியிட்டார்கள். 1960-களில் மார்கரெட் ஹாஸ்வெல் என்ற ஆங்கிலேய அம்மையார் இந்த ஊர்களைப் பற்றி எழுதினார். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தார் திரும்பவும் புறப்பட்டார்கள். இருவேல்பட்டுக்கு எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் போனார்கள். வடமலைபுரத்துக்கு வெங்கடேஷ் ஆத்ரேயா போனார். இருவேல்பட்டுக்கு 2008-இலும் ஆட்கள் போனார்கள்.

ஒரே ஊரின் தொண்ணூறு வருஷக் கணக்கு! தாத்தா காலத்தில் நிலம் யார் கையில் இருந்தது, பேரன் காலத்தில் எத்தனை பேர் வயலை விட்டு வெளி வேலைக்குப் போனார்கள் என்றெல்லாம் இதில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஸ்லேட்டர் தம் தாள்களைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தால், பின்னால் வந்தவர்கள் எதோடு ஒப்பிடுவது?

கணக்கு இருந்தால் மட்டும் போதாது, அதைப் படிக்கவும் தெரிய வேண்டும். ஸ்லேட்டர் புத்தகத்தில் இருவேல்பட்டின் பெயரை இங்கிலீஷில் "எருவெள்ளிப்பேட்" என்பது போல எழுதியிருக்கிறார்கள். இரண்டும் ஒரே ஊர் என்று யாராவது சொன்னால்தானே தெரியும்? 1916-இல் ரூபாய்க்குப் பதினாறு அணா. நயா பைசா வந்தது 1957-இல்தான். படியும் மரக்காலும் ஊருக்கு ஊர் மாறும். "கூலி இரண்டு படி" என்று மட்டும் எழுதி வைத்தால், எந்தப் படி என்று பேரப்பிள்ளை யாரிடம் போய்க் கேட்பான்?

இன்றைய கணக்கு கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஆனால் சங்கடம் தீரவில்லை. வயதைச் சொல்லாதவர்களுக்கு 99 என்று குறிப்பது ஆராய்ச்சிக்காரர்கள் பலருக்கு வழக்கம். அந்தக் குறிப்பை எங்கும் எழுதி வைக்காமல் போனால், அடுத்துப் பார்ப்பவர் அந்த ஊரில் நூறை எட்டும் கிழவர்கள் நிறைய என்று முடிவு கட்டிவிடுவார்! ஆகையால் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அதன் பொருள், அளவை, தேதி, கேட்டவர், கேட்ட கேள்வி இவ்வளவும் இருக்க வேண்டும். சலிப்பான வேலைதான். வங்கிக் கணக்கில் ஒரு பைசா இடித்தாலும் விடாத மனிதர்கள்கூட இந்த வேலையை நாளைக்குத் தள்ளுகிறார்கள்.

டாக்டர் பட்டத்துக்கு எழுதும் ஆராய்ச்சி நூலைக் கம்ப்யூட்டர் பிரதியாகவும் கொடுக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் விதி செய்தது. "சோத்கங்கா" என்ற மின் களஞ்சியத்தில் அந்த நூல்களை யாரும் படிக்கலாம். நல்ல காரியம். ஆனால் நூலில் வருவது வடித்த சாறு. வீடு வீடாக எழுதிய தாள் அதில் வருவதில்லை. பட்டம் கிடைத்ததும் அது பரணுக்குப் போகும், கரையான் வரும். கம்ப்யூட்டரில் இருந்தால் கருவி பழுதாகும்போது அதோடு போகும். மறு வருஷம் வேறொரு மாணவர் அதே திண்ணைக்கு வந்து, அதே அம்மாளிடம், அதே கேள்வியைக் கேட்பார்.

இதற்கென்றே இங்கிலாந்தில் எசெக்ஸ் சர்வகலாசாலையில் 1967-இல் ஒரு காப்பகம் வைத்தார்கள். நம் நாட்டிலும் முன்மாதிரி உண்டு. ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் என்னும் சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையம் 1975 முதல் சில மானாவாரிக் கிராமங்களில் வீட்டுக் கணக்கு எழுதி, மற்ற ஆராய்ச்சியாளர்களுக்கும் கொடுத்து வந்திருக்கிறது.

எல்லாவற்றையும் திறந்து போடலாமா? கூடாது. அந்த அம்மாள் கடனைச் சொன்னது நம்பிச் சொன்னது. பெயரை அடித்துவிட்டுக் கொடுக்கலாம் என்பார்கள். பட்டணத்துக்கு அது போதும். சின்ன ஊருக்குப் போதாது. "இரண்டு கிணறு, ஒரு டிராக்டர், மூன்று பெண் பிள்ளைகள்" என்று தாளில் இருந்தால், எந்த வீடு என்று டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர் உடனே சொல்லிவிடுவார். அதனால் ஊர்ப் பெயரை மறைப்பது, நிலத்தைச் சரியான அளவாகச் சொல்லாமல் "ஐந்து முதல் பத்து ஏக்கர்" என்று சொல்வது, எழுதி உறுதி கொடுத்தவருக்கு மட்டும் காட்டுவது என்று பல வேலிகள் போட வேண்டியிருக்கிறது. வேலிக்குப் பயந்து ஒரேயடியாகப் பூட்டி வைப்பவரும் உண்டு. கரையானுக்கு அதுதான் வசதி.

தாளுடன் மாணவர் வந்தால் வீட்டுக்காரர்களும் சில கேள்விகள் கேட்கலாம். எந்தத் துறை, மேற்பார்க்கும் பேராசிரியர் யார்? எங்கள் பெயர் வெளியே வருமா? வேலை முடிந்ததும் இந்தத் தாள் யார் பொறுப்பில் இருக்கும்? ஊரைப் பற்றி எழுதியதைத் தமிழில் ஒரு பிரதி எங்கள் ஊர் நூலகத்துக்கு அனுப்புவீர்களா? இதையெல்லாம் கேட்டுவிட்டு, சரி என்று பட்டால் பதில் சொல்லலாம். பிடிக்காத கேள்விக்கு வாயைத் திறக்காமலும் இருக்கலாம். அதற்குத்தான் 99 இருக்கிறதே!