கத்திக் கைப்பிடி: பின்னா, போல்ட்டா? நடுவுல லைனர் எதுக்கு?

போன எபிசோட்ல அலகைக் காய்ச்சி கடினமாக்குறதைப் பத்திப் பேசினோம். இன்னைக்கு கைப்பிடி.

நான் செஞ்ச முதல் கிச்சன் கத்தியை அம்மாவுக்குத்தான் குடுத்தேன். ஈட்டி மரப் பிடி, ரெண்டு பித்தளைப் பின், மரத்துக்கும் இரும்புக்கும் நடுவுல சிவப்பா ஒரு லைனர். பார்க்க அவ்வளவு அழகு. ஒரு மழைக்காலம்தான் தாங்குச்சு. மீன் நறுக்கும்போது அம்மாவோட உள்ளங்கைத் தோல் பிடி விரிஞ்ச இடுக்குல மாட்டி கிள்ளிடுச்சு. என்கிட்ட ஒண்ணும் சொல்லலை. பிடியைச் சுத்தி ஒரு பழைய துணியைக் கட்டி வச்சிருந்தாங்க, அதைப் பார்த்துத்தான் எனக்கே தெரிஞ்சது. பிடியைப் பிரிச்சா, லைனர் ஊறி உப்பியிருக்கு, உள்ள முழுக்கத் துரு.

தப்பு என்னோடதுதான். எங்க தப்புன்னு சொல்றேன்.

அலகோட இரும்பு அப்படியே பிடியோட கடைசி வரைக்கும் நீளும். அதோட ரெண்டு பக்கமும் ஒவ்வொரு மரப்பட்டை ஒட்டுறோம். மரம் ஈரத்தை இழுத்தா விரியும், காய்ஞ்சா சுருங்கும். அதுவும் நீளவாக்குல ரொம்பக் கம்மி, அகலவாக்குலதான் அதிகம். இரும்பு ஈரத்துக்கு அசையவே அசையாது. அசையுற ஒண்ணையும் அசையாத ஒண்ணையும் சேர்த்துப் பிடிக்கிற வேலைதான் பசைக்கும் பின்னுக்கும்.

இங்கதான் பலரும் ஏமாறுறாங்க, நானும்தான். வழுவழுப்பான பின் மரப்பட்டை பக்கவாட்டுல நகராமப் பார்த்துக்கும். ஆனா பட்டை இரும்பை விட்டு வெளியே விலகினா, அந்தப் பின்னால பெருசா ஒண்ணும் பண்ண முடியாது. அங்க முழுப் பாரமும் எபாக்ஸி மேலதான். பின்னோட ரெண்டு முனையையும் சுத்தியலால தட்டி விரிச்சா கதை வேற, அப்போ அது ரிவெட் மாதிரி பூட்டிக்கும். கொஞ்சம் வேகமாத் தட்டினா மரம் பிளந்துடும், அதான் பயம்.

இன்னொரு வழி கார்பி போல்ட். ரெண்டு துண்டு: ஒண்ணுல வெளி மரை, இன்னொண்ணுல உள் மரை. தலை தடிமனா, தண்டு ஒல்லியா இருக்கும். மரத்துல ரெண்டு அளவுல துளை போடணும், தலை உட்கார ஒரு படி விட்டு. பசை தடவி ரெண்டு பக்கமும் முறுக்கினா, அந்தப் படியில உட்கார்ந்து மரத்தை இரும்போட இறுக்கிடும். வெளிய நீட்டிக்கிட்டு இருக்குற தலையைத் தேய்ச்சு எடுத்துட்டா, பார்க்க சாதாரணப் பின் மாதிரியேதான். பிடியை வளைவா இழைக்கும்போது ஜாக்கிரதை. ரொம்ப ஆழமாத் தேய்ச்சா தலையே போயிடும், அப்புறம் போல்ட் இருந்தும் பிரயோஜனமில்லை. அமெரிக்காவுல பாப் லவ்லெஸ்னு ஒரு பெரிய கத்திக் கலைஞர் இருந்தார். அவர் பேர்ல இருக்குற போல்ட்ல மரை போட்ட ஒரு கம்பி, ரெண்டு பக்கமும் நட்டு. தத்துவம் ஒண்ணுதான்.

தண்ணியில புழங்குற கத்திக்கு என் ஓட்டு கார்பிக்குத்தான். அதுவும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல. உப்புத்தண்ணி உள்ள போனா, பித்தளையைத் தொட்டுக்கிட்டு இருக்குற கார்பன் ஸ்டீல் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

சரி, லைனர். நான் போட்ட சிவப்பு லைனர் வல்கனைஸ்டு ஃபைபர். பருத்திக் காகித அடுக்குகளை ஸிங்க் குளோரைடுல நனைச்சு ஒண்ணாக்கிச் செய்யுறது. ஆங்கிள் கிரைண்டர்ல மாட்டுற சாண்டிங் டிஸ்கோட முதுகு பல சமயம் இதுதான். விலை கம்மி, வெட்ட சுலபம், வண்ணம் வண்ணமா கிடைக்கும். ஆனா அடிப்படையில காகிதம்தானே, தண்ணியைக் குடிக்கும். சுவத்துல மாட்டி வைக்கிற கத்திக்கு ஓகே. மீன் கழுவுற சிங்க்குக்கு வேணாம். ஜி10 வேற ஜாதி. கண்ணாடி இழைத் துணியும் எபாக்ஸியும் சேர்ந்தது, கம்ப்யூட்டருக்குள்ள இருக்குற பச்சை சர்க்யூட் போர்டுக்குச் சொந்தக்காரன். நனைஞ்சாலும் உப்பாது. ஆனா அதைத் தேய்க்கும்போது வர்ற தூசு கண்ணாடித் தூசு. நல்ல மாஸ்க் இல்லாம தயவுசெஞ்சு தொடாதீங்க.

லைனர் மரத்தோட அசைவைத் தாங்கிக்கும்னு நிறைய பேர் சொல்வாங்க. முக்கால் மில்லிமீட்டர் தகடு அவ்வளவு தாங்கும்னு எனக்கு நம்பிக்கை இல்லை. லைனர் போட்டா ஒரு பக்கத்துக்கு ஒட்டு ஒண்ணுக்குப் பதிலா ரெண்டாகுது, அதாவது பிரியக்கூடிய இடம் இன்னும் ஒண்ணு. அழகுக்குன்னா தாராளமா போடுங்க.

பசையிலயும் ரெண்டு தப்பு பண்ணியிருந்தேன். கிளாம்பை முறுக்கோ முறுக்குன்னு முறுக்கி எபாக்ஸியையெல்லாம் வெளியே பிதுக்கிட்டேன். அப்புறம் பின் தலையைத் தேய்க்கும்போது அது கையில சுடுற அளவுக்குக் காய்ஞ்சது. அந்தச் சூடு பின் வழியா நேரா உள்ள போய் பசையை இளக்கும். இப்போ ரெண்டு தேய்ப்புக்கு ஒரு தடவை விரல் வச்சுப் பார்க்கிறேன்.

புதுப் பிடி போட்டுக் குடுத்தாச்சு. ஸ்டெயின்லெஸ் கார்பி, லைனர் கிடையாது. அம்மா ரெண்டு நாள் வச்சுப் பார்த்துட்டு, "அந்தத் துணி கட்டினதே தேவலைடா, கை வழுக்காம இருந்துச்சு"ன்னாங்க. உப்புத்தாள் எடுத்து பிடியோட பளபளப்பையெல்லாம் இறக்கிட்டேன்.